வென்றது விளையாட்டா, புதுமோகமா?

மருந்தைத் தட்டிக்கழிக்கும் நோயாளிகளில் பதின்வயதினர் தனி ரகம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை, ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கையை நீட்டிவிடும். வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரையில்தான் தகராறு. உடம்பு தேறிவிட்டதுபோல இருக்கிறது, இனி எதற்கு என்ற நினைப்பு. இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து அமெரிக்காவின் ஹோப்லேப் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2006-இல் 'ரீ-மிஷன்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. ராக்ஸி என்ற நுண்ணிய ரோபோ நோயாளியின் உடம்புக்குள் பறந்து புற்றுச் செல்களைச் சுட்டு வீழ்த்தும். மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று யாரும் உபதேசம் செய்வதில்லை. மருந்துக்கு அடங்காத செல்கள் ஆட்டத்துக்குள்ளேயே பெருகி வந்து பாடம் நடத்தும்.

இப்படிப்பட்ட நல்ல எண்ணங்கள் உலகில் ஏராளம். ரீ-மிஷனைப் பற்றி இன்றும் பேசக் காரணம், அதைச் சோதித்த விதம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ மையங்களில், 13 முதல் 29 வயது வரையுள்ள 375 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒப்பீட்டுக் குழுவை வெறுங்கையோடு அனுப்பவில்லை. எல்லாருக்கும் ஒரு சிறு கணினி கிடைத்தது. ஒரு குழுவின் கணினியில் இந்தியானா ஜோன்ஸ் சாகச விளையாட்டு மட்டும் இருந்தது. மற்றக் குழுவுக்கு அதோடு ரீ-மிஷனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஆட வேண்டும், மூன்று மாதம். ஓசியில் கணினி கிடைத்த சந்தோஷம், யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வு, எந்த விளையாட்டானாலும் தரும் மனமாற்றம் எல்லாம் இரு பக்கமும் சமம். மிஞ்சும் வேறுபாட்டை ரீ-மிஷனின் கணக்கில் எழுதலாம்.

பமீலா காட்டோ முதன்மை ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 2008-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. மாத்திரைப் புட்டியின் மூடி எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்பதை ஒரு மின்னணுக் கருவி பதிவு செய்தது. வாய்வழி கீமோ மருந்து உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்பதை ரத்தப் பரிசோதனை சொன்னது. இரண்டிலும் ரீ-மிஷன் குழு முன்னே இருந்தது. நோயைப் பற்றிய அறிவும், தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையும் கூடியிருந்தன. ஆனால் "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா?" என்று கேட்டு வாங்கிய பதில்களில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. காசு மிச்சம் பிடிக்க வினாத்தாளோடு மட்டும் நிறுத்தியிருந்தால், அதே ஆய்வு "விளையாட்டால் பலன் இல்லை" என்று முடிந்திருக்கும்.

ஆங்கிலத்தில் சீரியஸ் கேம்ஸ் எனப்படும் பயன்நோக்கு விளையாட்டுகளையும், கேமிஃபிகேஷன் எனப்படும் விளையாட்டாக்கத்தையும் உயர்கல்வி நிலையில் ஆராய்பவர்கள் மோதிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். விளையாட்டு வேலை செய்கிறதா என்ற கேள்வியோடு உள்ளே வருகிறவர்கள், கொஞ்ச காலத்தில் வேறு மூன்று கேள்விகளில் வந்து நிற்கிறார்கள். எதோடு ஒப்பிட்டு? எதை அளந்து? எத்தனை நாளைக்கு?

விளையாட்டை வைத்துப் பாடம் சொல்வது புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபத சோபான படம், ஏணியில் புண்ணியத்தையும் பாம்பில் பாவத்தையும் வைத்த பயன்நோக்கு விளையாட்டேதான். பிரஷ்ய ராணுவம் 1824 முதலே வரைபடத்தின் மேல் காய் நகர்த்திப் போர்ப் பயிற்சி எடுத்தது. சீரியஸ் கேம்ஸ் என்ற பெயரைத் தலைப்பாக வைத்து கிளார்க் ஆப்ட் புத்தகம் எழுதியது 1970-இல். தீர யோசித்த கல்வி நோக்கம் ஒன்று இருக்க வேண்டும், பொழுதுபோக்கு முதல் நோக்கமாக இருக்கக் கூடாது என்பது அவர் வகுத்த இலக்கணம். அவர் மனதில் இருந்தவை பெரும்பாலும் அட்டையும் காகிதமும்தான். கணினி யுகத்தில் அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்தது 2002. அந்த ஆண்டு வாஷிங்டனின் வுட்ரோ வில்சன் மையத்தில் சீரியஸ் கேம்ஸ் முன்முயற்சி தொடங்கியது. ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவம் ஆள் சேர்ப்பதற்காகவே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. துறையின் நவீன காலம் ஒரு ராணுவ விளம்பரத்தோடு பிறந்தது என்பதைப் பாடநூல்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கின்றன.

விளையாட்டாக்கம் வேறு. இதில் முழு விளையாட்டு எதுவும் கிடையாது. புள்ளி, பேட்ஜ், நிலை, லீடர்போர்டு எனும் தரவரிசைப் பலகை போன்ற உதிரிப் பாகங்களைக் கழற்றி வகுப்பறையிலோ வங்கிச் செயலியிலோ அலுவலகத்திலோ மாட்டுவார்கள். செபாஸ்டியன் டெட்டர்டிங்கும் மூன்று சக ஆய்வாளர்களும் 2011-இல் ஃபின்லாந்தின் தாம்பரே நகரில் நடந்த மாநாட்டில் வைத்த வரையறையைத்தான் இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: விளையாட்டு அல்லாத சூழலில் விளையாட்டு வடிவமைப்பின் கூறுகளைப் பயன்படுத்துவது. எளிமையான வரையறை. அதனாலேயே எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வரையறை பிறந்த அதே ஆண்டில் எதிர்ப்பும் உரக்கக் கேட்டது. விளையாட்டு வடிவமைப்பாளரும் பேராசிரியருமான இயன் போகோஸ்ட், இது ஆலோசனை நிறுவனங்கள் விற்கும் பித்தலாட்டம் என்று அச்சில் ஏற்றத் தயங்கும் சொல்லாலேயே திட்டினார். திட்டுவதற்கு முன்பே 2010-இல் 'கௌ கிளிக்கர்' என்ற ஃபேஸ்புக் விளையாட்டைக் கேலிக்காகச் செய்துவிட்டிருந்தார். திரையில் ஒரு மாடு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் மேல் கிளிக் செய்யலாம். அவ்வளவுதான். காசு கொடுத்தால் இன்னும் அழகான மாடு கிடைக்கும். நையாண்டி என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள், காசும் கொடுத்தார்கள். வெறுத்துப்போன போகோஸ்ட் 2011 செப்டம்பரில் மாடுகளையெல்லாம் காணாமல் போகச் செய்தார். மாடு நின்ற வெறும் புல்தரையைச் சிலர் விடாமல் கிளிக் செய்துகொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவோ புள்ளியியலோ இல்லாத இந்தக் குறும்பு, எண்ணிக்கை கூடுவதை வெற்றி என்று எடுத்துக்கொள்பவர்களுக்குப் பல ஆய்வுக் கட்டுரைகளைவிட நன்றாகச் சூடு வைத்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? தாம்பரேயின் யூஹோ ஹமாரியும் இரு சக ஆய்வாளர்களும் 2014-இல் விளையாட்டாக்கம் பலன் தருகிறதா என்று கேட்டு இலக்கியத்தைச் சலித்தபோது, தேறியவை தரவை அடிப்படையாகக் கொண்ட 24 ஆய்வுகள். பெரும்பாலானவை சாதகமாக இருந்தன. ஆனால் பலவற்றில் ஆட்கள் குறைவு, காலம் குறைவு, சில ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. ஐந்தே ஆண்டில், யோன்னா கோய்விஸ்டோவோடு அவர் எழுதிய அடுத்த பெரும் மதிப்பாய்வு 819 ஆய்வுகளைத் தொட்டது. கட்டுரைகள் பெருகிய வேகத்துக்கு முறையியல் ஓடிவரவில்லை என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் எவருக்கும் தெரியும்.

தொகுப்பாய்வுகளில் ஒரு முடிவு பலரையும் புருவம் தூக்க வைத்தது. பீட்டர் வௌட்டர்ஸ் குழு 2013-இல் பயன்நோக்கு விளையாட்டுகளை வழக்கமான கற்பித்தலோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தது. விளைவின் அளவு கற்றலில் 0.29, கற்றது நினைவில் நிற்பதில் 0.36 என்று விளையாட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. கல்வி ஆய்வில் இது சிறிதும் பெரிதுமில்லாத விளைவு. ஊக்கத்தில் மட்டும் புள்ளியியல் ரீதியாக உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. "பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும்" என்று சொல்லித்தானே பள்ளிகளுக்கு விளையாட்டை விற்கிறார்கள்? பிள்ளைகள் கற்றார்கள், கூடுதல் ஆர்வம் வந்ததற்குத்தான் ஆதாரம் போதவில்லை. ஆசிரியர் "இப்போது எல்லாரும் விளையாடுங்கள்" என்று கட்டளையிட்டால் அது விளையாட்டா என்பது ஒரு விளக்கம். எப்போது ஆடுவது, எதை ஆடுவது என்ற தேர்வு கையை விட்டுப் போனதும் விளையாட்டின் உயிர் பாதி போய்விடுகிறது.

விளையாட்டாக்கத்துக்கு மிக்கேல் சைலர், லிசா ஹோம்னர் இருவரும் 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வைத்தான் இப்போது எல்லாரும் கையில் எடுக்கிறார்கள். அறிவில் 0.49, ஊக்கத்தில் 0.36, நடத்தையில் 0.25. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முறையியலில் கறாரான ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால், அறிவின் மீதான விளைவு நிலைத்து நிற்கிறது, மற்ற இரண்டும் ஆட்டம் காண்கின்றன. இங்கேயும் ஊக்கம்தான் வழுக்குகிறது.

இதற்கான கோட்பாடு பழையது. ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பர் குழு 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் உண்டு என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து யாரும் சொல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மிகக் குறைவான நேரமே வரைந்தார்கள். பரிசு ஆசையைத் தின்றுவிட்டது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு இந்தச் சோதனைகளையும் தனக்குள் வாங்கிக்கொண்டது. தன் விருப்பம், தன் திறமை, பிறரோடு உறவு என்ற மூன்று தேவைகள் நிறைவேறினால் உள்ளார்ந்த ஊக்கம் வளரும் என்பது அதன் சாரம். விளையாட்டாக்கம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுகளில் கோட்பாட்டு அத்தியாயத்தை எடுத்தால் இந்த இருவர் பெயரும் தவறாமல் இருக்கும். சில ஆய்வுகளில் அந்த அத்தியாயத்தோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. சோதனையின் வடிவமைப்பில் கோட்பாட்டின் சுவடே இராது.

வகுப்பறையில் இதைப் பொருத்திப் பார்த்தவர்களில் மைக்கேல் ஹேனஸ், ஜெஸ்ஸி ஃபாக்ஸ் இருவரும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறார்கள். ஒரே பாடம், இரண்டு வகுப்புப் பிரிவுகள். ஒன்றில் பேட்ஜும் லீடர்போர்டும், மற்றதில் எதுவும் இல்லை. 16 வாரம் தொடர்ந்து கவனித்ததில், பேட்ஜ் வகுப்பின் ஊக்கமும் திருப்தியும் மற்ற வகுப்பைவிடச் சரிந்தன. ஊக்கம் சரிந்ததன் வழியாக இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் அடி வாங்கியது. கட்டுரை 2015-இல் வந்தது. பொருந்தாத வாதத்துக்கெல்லாம் இதை ஆயுதமாக எடுப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே அமைந்த இரண்டு வகுப்புகளை ஒப்பிடுவதில் உள்ள பலவீனத்தை அவர்கள் சொல்வதில்லை.

சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் எலிசா மெக்லர் குழு 2017-இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுணுக்கமானது. 273 பேர் இணையத்தில் படங்களைப் பார்த்துக் குறிச்சொற்கள் தட்ட வேண்டும். ஒரு குழுவுக்குப் புள்ளி, ஒரு குழுவுக்கு நிலை, ஒரு குழுவுக்கு லீடர்போர்டு, ஒரு குழுவுக்கு எதுவுமில்லை. எல்லாவற்றையும் கலந்து கொடுக்கவில்லை என்பதுதான் இதன் அருமை. நிலையும் லீடர்போர்டும் கண்டவர்கள் மற்றவர்களைவிட நிறையச் சொற்களைத் தட்டினார்கள். உள்ளார்ந்த ஊக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆசையை வளர்க்கும் என்றவர்களும் ஆசையைக் கொல்லும் என்றவர்களும் ஒரே நேரத்தில் ஏமாந்த இடம் இது. எவ்வளவு செய்தால் நன்றாகச் செய்ததாகும் என்பதற்கு ஓர் இலக்கை நிலையும் லீடர்போர்டும் காட்டின, அவ்வளவுதான் என்று அந்த முடிவைப் படிக்கலாம்.

கலந்து கொடுக்கும் சிக்கல்தான் துறையின் நாள்பட்ட வியாதி. பத்து சரக்கு போட்ட லேகியம் குணப்படுத்திவிட்டால், குணப்படுத்தியது திப்பிலியா சுக்கா என்று யார் சொல்வது? ஒரு செயலியில் கதை, கதாபாத்திரம், புள்ளி, நண்பர் பட்டியல், நினைவூட்டல் எல்லாம் இருக்கும். அதை எதுவும் இல்லாத பழைய பாடத்தோடு ஒப்பிட்டு "விளையாட்டாக்கம் வென்றது" என்று எழுதினால் எழுத்துப்பிழை தவிர வேறெதையும் அந்தக் கட்டுரையில் திருத்த முடியாது. ஒவ்வொரு கூறையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதிக்க வேண்டும் என்றால் கணக்கு உடனே எகிறும். மூன்றே கூறுகளுக்கு எட்டுக் குழுக்கள். குழுவுக்கு 50 பேர் என்றால் 400 மாணவர்கள். ஒரு கல்லூரியில் ஒரு செமஸ்டரில் ஒரு முனைவர் பட்ட மாணவர் எங்கே போவார்? ஆகவே கூறுகளைக் குறைத்து, கேள்வியைச் சுருக்கி, எந்தக் கூறு எந்த மனநிலையை மாற்றி எந்த விளைவைத் தரும் என்ற சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைச் சோதிப்பதே விவேகம். ரிச்சர்ட் லேண்டர்ஸ் 2014-இல் முன்வைத்த கற்றல் விளையாட்டாக்கக் கோட்பாடு இந்தச் சங்கிலியைத்தான் வரைந்து காட்டுகிறது: விளையாட்டுக் கூறு நேரடியாகக் கற்பிக்காது, கற்பவரின் நடத்தையையோ மனப்பாங்கையோ மாற்றும், அந்த மாற்றம்தான் கற்றலைத் தொடும். பாடமே மோசமாக இருந்தால் பேட்ஜ் எதையும் காப்பாற்றாது.

அடுத்தது காலம். புதுத் துடைப்பம் நன்றாகத்தான் பெருக்கும் என்பதை ஆய்வாளர்கள் புதுமை விளைவு என்கிறார்கள். பிரேசிலில் லூயிஸ் ரோட்ரிகெஸ் குழு நிரலாக்கம் கற்ற 756 மாணவர்களை 14 வாரம் பின்தொடர்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் படம்பிடித்தது. நான்காவது வாரம் வாக்கில் பலன் மங்கத் தொடங்கியது. சில வாரச் சரிவுக்குப் பிறகு, மாணவர்களுக்கு முறை பழகிவிட, மறுபடி ஏறியது. கோட்டை வரைந்தால் கிண்ண வடிவம். இரண்டு வாரம் மட்டும் சோதித்தவர் வெற்றி என்று எழுதியிருப்பார், ஆறாவது வாரத்தில் சோதித்தவர் தோல்வி என்று எழுதியிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

மருத்துவப் பக்கம் காலத்தைக் கொஞ்சம் மதிக்கிறார்கள். பென்சில்வேனியாவின் மிதேஷ் படேல் குழு 'ஸ்டெப் அப்' என்ற சோதனையில், அதிக எடையுள்ள 602 அலுவலக ஊழியர்களின் நடையை அளந்தது. 24 வாரம் விளையாட்டு, அதன்பின் 12 வாரம் விளையாட்டு இல்லாமல் கண்காணிப்பு மட்டும். ஒருவருக்கொருவர் ஆதரவு, கூட்டாகச் செயல்படுதல், போட்டி என்று மூன்று வகை. விளையாட்டு நடந்தபோது மூன்று குழுவும் ஒப்பீட்டுக் குழுவை முந்தின. போட்டிக் குழு நாளொன்றுக்குச் சராசரியாக 920 காலடிகள் அதிகம் நடந்தது. விளையாட்டை நிறுத்தியதும் முன்னிலையைத் தக்கவைத்தது போட்டிக் குழு மட்டுமே, அதுவும் குறைந்த அளவில். ஒத்துழைப்பே உயர்ந்தது என்று நம்ப விரும்புகிறவர்களுக்கு 2019-இல் வந்த இந்த முடிவு கொஞ்சம் கசப்பு. ஆனால் ஒரே பெருநிறுவனத்தின் ஊழியர்களிடம் கிடைத்த முடிவு அது. சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015 முதல் நடத்திவரும் தேசிய நடைச் சவாலில் கைப்பட்டை கட்டி நடக்கும் ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

'எதை அளந்து' என்ற கேள்வி மிகக் கடுமையாக உரசிய இடம் எண்டெவர் ஆர்எக்ஸ். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஜூனில், கவனக்குறைபாடு உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு மருத்துவர் சீட்டு எழுதித் தரும் விளையாட்டாக இதை அனுமதித்தது. அடித்தளமாக இருந்த முக்கியச் சோதனையில் 348 குழந்தைகள். நாளுக்கு சுமார் 25 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம். ஒப்பீட்டுக் குழு கணினியில் ஒரு சொல் விளையாட்டு ஆடியது. கவனத்தை அளக்கும் கணினித் தேர்வில் சிகிச்சைக் குழுவின் மதிப்பு 0.93 உயர்ந்தது, மற்றது 0.03 மட்டுமே. தெளிவான வெற்றி. ஆனால் பெற்றோரும் மருத்துவரும் அன்றாட அறிகுறிகளுக்குக் கொடுத்த மதிப்பெண்களில் இரு குழுவும் ஒரேபோலத் தேறியிருந்தன. சும்மா சொல் விளையாடிய பிள்ளையும் வீட்டில் அதே அளவுக்கு அடங்கியிருந்தது! ரீ-மிஷனில் கருவி 'ஆம்' என்றது, நோயாளியின் வாய் 'வித்தியாசமில்லை' என்றது. இங்கேயும் கருவிக்கும் மனிதருக்கும் இடையே பிளவு. ஆனால் மாத்திரைப் புட்டியின் மூடியை நம்புவதும் கணினித் தேர்வை நம்புவதும் ஒன்றல்ல. மூடியைத் திறந்து மாத்திரையை எடுப்பதுதான் அங்கே வேண்டிய பலன். கணினித் தேர்வில் மதிப்பெண் வாங்கத்தான் எந்தப் பெற்றோரும் பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை.

இந்த எச்சரிக்கையைக் காற்றில் விட்ட வணிகர்களும் உண்டு. மூளைப் பயிற்சி விளையாட்டு என்று விற்ற லூமோசிட்டியின் நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்பதுபோன்ற விளம்பரங்களுக்கு ஆதாரம் காட்ட முடியாமல், 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கேம்பிரிட்ஜில் உருவான 'பேட் நியூஸ்' விளையாட்டைப் பற்றிய விவாதம் இன்னும் சூடு ஆறாதது. ஆடுபவர் பொய்ச்செய்தி பரப்புபவராக வேடமிட்டு, அதன் தந்திரங்களைக் கற்று, பின்னால் ஏமாறாமல் இருப்பார் என்பது எண்ணம். மனதுக்கு ஒரு தடுப்பூசி. யான் ரோஸன்பேக், சாண்டர் வான் டெர் லிண்டன் இருவரும் 2019-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, ஆடியபின் பொய்ச்செய்திகளின் நம்பகத்தன்மைக்கு ஆட்டக்காரர்கள் குறைந்த மதிப்பெண் கொடுத்ததாகச் சொன்னது. 2023-இல் அரியானா மொடிருஸ்டா-கேலியன், பிலிப் ஹைஹம் இருவரும் இத்தகைய விளையாட்டுகளின் தரவுகளை வேறு புள்ளியியல் முறையில் மறுபடி அலசினார்கள். பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் திறன் கூடவில்லை, ஆட்டக்காரர்கள் எல்லாச் செய்தியையும் முன்னைவிடச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். பொய்ச்செய்திகளை மட்டும் காட்டி மதிப்பெண் கேட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. மெய்ச்செய்திகளையும் கணிசமாகக் கலந்து காட்ட வேண்டும். ஓர் ஆராய்ச்சி மாணவர் இந்த ஒரு சர்ச்சையை முதலிலிருந்து கடைசிவரை படித்தால், முறையியல் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

விளையாட்டை மருந்தாகவோ பாடமாகவோ பார்க்காமல் அளவுகோலாகவே பயன்படுத்தும் கிளைதான் இன்று மிகவும் வளமாகத் தெரிகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஹ்யூகோ ஸ்பியர்ஸும் கூட்டாளிகளும் 2016-இல் வெளியிட்ட 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைப்பேசி விளையாட்டில், வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் படகை ஓட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். அல்சைமர் நோயின் ஆரம்பத்தில் வழி தடுமாறுவது ஓர் அறிகுறி என்பதால், எந்த வயதில் எவ்வளவு தடுமாற்றம் இயல்பு என்ற அளவு தேவைப்பட்டது. அந்தத் தரவிலிருந்து எதிர்பாராத கிளைகளும் முளைத்தன. 38 நாடுகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட 4 லட்சம் பேரின் ஆட்டத்தை வைத்து 2022-இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் சராசரியாக மேல் என்று காட்டியது. கட்டம் போட்ட நேர்த்தெருக்கள் உள்ள நகரங்களில் வளர்ந்தவர்களுக்குச் சிக்கலான வழிகள் இன்னும் சிரமம். ஆய்வுக்கூடத்துக்கு ஒவ்வொருவராக அழைத்து இந்த எண்ணிக்கையைத் தொட எந்தப் பேராசிரியரின் ஆயுளும் போதாது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'ஃபோல்டிட்' இன்னொரு திசை. 2008-இல் வந்த இந்தப் புதிர் விளையாட்டில் புரதங்களின் மடிப்பைத் திரையில் திருகித் திருப்பிச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் நொதி வடிவம் பத்தாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் சில வாரங்களில் பயன்படும் மாதிரியைத் தந்தார்கள், 2011-இல் கட்டுரையும் வந்தது. அவர்களில் உயிர்வேதியியல் படிக்காதவர்களும் உண்டு. ஆட்டக்காரர்களைக் கட்டுரையின் ஆசிரியர்களாகச் சேர்க்கும் வழக்கத்தையும் அந்தக் குழு கொண்டுவந்தது. அங்கே பின்னணியில் இருந்த டேவிட் பேக்கர் 2024-இல் வேதியியல் நோபல் பெற்றார், வேறு பணிக்காக.

மறுபக்கமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைக்கூடத்தில், யார் எவ்வளவு வேகம் என்று ஊழியர் பெயரோடு பெரிய திரையில் காட்டும் பலகை வைக்கப்பட்டது. 2011-இல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' அதைப் பற்றி எழுதியபோது, ஊழியர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் மின்சாரச் சாட்டை. லீடர்போர்டு விருப்பத்தோடு வருபவருக்கு விளையாட்டு, சம்பளத்துக்கு நிற்பவருக்குக் கண்காணிப்பு. ஒரே நிரல், ஒரே திரை. ஆய்வு நெறிக் குழுவின் முன் ஒப்புதல் படிவத்தை நீட்டும் மாணவர், பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 'மாட்டேன்' என்று உண்மையிலேயே சொல்ல முடியுமா என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் இதில் தலையிடும். பணப் பரிவர்த்தனைச் செயலிகளின் சுரண்டல் அட்டைகளும் குலுக்கல் பரிசுகளும் இந்தியாவில் விளையாட்டாக்கத்தின் மிகப் பரிச்சயமான முகம். அந்தப் பரிசுகளின் விதிமுறைகளைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு 'தமிழ்நாட்டில் பொருந்தாது' என்ற வரி புதிதல்ல. 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் அதற்குக் காரணம். ஒரு மாநிலத்தில் அதிர்ஷ்டப் பரிசு உண்டு, எல்லை தாண்டினால் இல்லை. பொருளியல் தெரிந்த ஆய்வாளருக்கு இதைவிடக் கைமேல் கிடைத்த ஒப்பீட்டுக் குழு எங்கே கிடைக்கும்? நிறுவனம் தரவைத் தர வேண்டும், அதுதான் சங்கடம்.

இத்துறையில் நுழைகிறவருக்கு முகவரிகள் உண்டு. தாம்பரேயில் ஹமாரி விளையாட்டாக்கத்துக்கென்றே பேராசிரியராக இருக்கிறார். ஸ்வீடனின் ஷோவ்டே பல்கலைக்கழகம் பயன்நோக்கு விளையாட்டுகளில் முதுநிலைப் படிப்பு நடத்தியிருக்கிறது. 'ஜேஎம்ஐஆர் சீரியஸ் கேம்ஸ்' இதழ் 2013 முதல் மருத்துவப் பக்கத்தைக் கவனிக்கிறது. ஆனால் ஆய்வுகள் கல்வி உளவியல், மனித-கணினி ஊடாட்டம், தகவல் முறைமை, மருத்துவம், சந்தையியல் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு பெயர். ஒரு துறையில் பத்தாண்டுக்கு முன் தீர்ந்த சர்ச்சையை இன்னொன்றில் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். இலக்கிய மதிப்பாய்வுக்கே ஓராண்டு போய்விடுகிறது என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

இதற்கிடையே மிகப் பெரிய சோதனைகள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடக்கின்றன. மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோவின் ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தினமும் பாடத்துக்குத் திரும்பி வரச் சொல்லும் நினைவூட்டல் வாசகங்களில் எதை யாருக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் நிரல் அதன் பொருள். எந்தப் பல்கலைக்கழக ஆய்வாளரும் கனவு காணாத அளவுக்குப் பயனர்கள், குலுக்கல் முறையில் பிரித்த குழுக்கள், முறையான ஒப்பீடு. அன்றாடப் பயனர் எண்ணிக்கை 0.5 சதவீதமும், புதிய பயனர்கள் விலகாமல் தங்குவது 2 சதவீதமும் கூடியதாக அறிவித்தார்கள். தரவையும் வெளியே விட்டார்கள், பாராட்ட வேண்டியதுதான். அந்த நினைவூட்டலைப் பார்த்துத் திரும்பி வந்தவர்களுக்கு ஸ்பானிஷ் எவ்வளவு கூடுதலாக வந்தது என்ற கேள்வி அந்தக் கட்டுரையில் இல்லை.